இரண்டாயிரம் வருஷமா, எழுபது வருஷமா? கொரியாவில் டேக்வாண்டோவைத் தேடி

வியாழன், சியோல்

கொரியாவுக்குப் போகிறேன் என்றதும் ஒரு தோழி முகத்துக்குப் பூசும் கிரீம் பட்டியல் ஒன்றை அனுப்பினாள், தம்பி பிடிஎஸ் படம் போட்ட என்ன கிடைத்தாலும் வாங்கி வா என்றான். சரி, அதெல்லாம் கடைசி நாளில். நான் வந்திருப்பது டேக்வாண்டோவுக்காக. பள்ளிக்கூட மைதானத்தில் அதைக் கற்றுக்கொண்ட காலத்தில் மாஸ்டர் "இது இரண்டாயிரம் வருஷத்துக் கலை" என்று சொல்லித்தான் வகுப்பையே தொடங்குவார். கல்லூரியில் கொஞ்ச காலம் கராத்தே பக்கம் போனபோதுதான் சந்தேகம் வந்தது. பழைய டேக்வாண்டோ ஆட்கள் தனியாகச் செய்து பழகும் அசைவு வரிசைகளும் ஷோட்டோகான் கராத்தேயின் வரிசைகளும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன, அதுவும் இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்த அண்ணன் தம்பி.

முதலில் போனது ஜோங்னோவில் இருக்கும் ஒய்எம்சிஏ கட்டடம். ஜோங்காக் மெட்ரோவிலிருந்து கொஞ்ச தூரம்தான். பழைய கட்டடம் கொரியப் போரில் எரிந்துபோனது, இப்போது நிற்பது 1960களில் எழுப்பியது. 1946ல் யூன் பியோங்-இன் என்பவர் இங்கே சண்டைக்கலை வகுப்பு தொடங்கினார். மஞ்சூரியாவில் சீனக் குத்துச்சண்டையும், ஜப்பானில் படித்தபோது டோயாமா கான்கென்னிடம் கராத்தேயும் பழகியவர். டேக்வாண்டோவின் மூலப் பள்ளிகளில் ஒன்று இதுதான், பின்னாளில் சாங் மூ குவான் என்று பெயர் எடுத்தது. அதைப் பற்றிய பலகை எதுவும் வாசலில் என் கண்ணில் படவில்லை. ஆட்கள் காபி டம்ளரும் கையுமாகப் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

பின்னணியைச் சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல் மற்ற ஊர்களுக்குப் போய்ப் பயனில்லை. 1910லிருந்து 1945 வரை கொரியா ஜப்பானின் பிடியில் இருந்தது. வசதியுள்ள வீட்டுப் பையன்கள் மேல்படிப்புக்கு டோக்கியோ போனார்கள், அங்கே பல்கலைக்கழகங்களில் கராத்தே பரவிக்கொண்டிருந்த நேரம். சூவோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த லீ வோன்-குக், ஷோட்டோகானை உருவாக்கிய ஃபுனகோஷி கிச்சினிடமே கற்றுக்கொண்டு திரும்பி, ஜப்பானிய ஆட்சி முடியும் முன்பே 1944ல் சியோலில் சுங் டோ குவானைத் தொடங்கினார். அதே குருவிடம் கற்ற ரோ பியோங்-ஜிக் கேசாங்கில் சோங் மூ குவானை ஆரம்பித்தார். கொரியப் போர் முடிந்தபோது கேசாங் நகரமே வடகொரியாவுக்குள் போய்விட, அவர் சியோலுக்கு வந்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஒய்எம்சிஏ யூன் அந்தப் போரின்போது வடக்கே போனவர், திரும்பவில்லை. ஒய்எம்சிஏவில் அவரிடம் பழகிய மாணவர்கள்தான் பள்ளியைக் கையில் எடுத்து நடத்தினார்கள்.

சாயங்காலம் யோங்சான் ரயில் நிலையம். இப்போது அது ஒரு பெரிய வணிக வளாகம், மேலே சினிமா, கீழே ரயில். ரயில்வேயில் வேலை பார்த்த ஹ்வாங் கீ 1945ல் உலகப் போர் முடிந்த கையோடு இந்தப் பக்கம்தான் மூ டுக் குவானைத் தொடங்கி, ரயில்வே ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு பெயர் வைத்துக்கொண்டது: டாங்சூடோ, கோங்சூடோ, குவோன்பாப். அடிப்படை மட்டும் பெரும்பாலும் கராத்தே. அந்த வளாகத்தின் அடித்தளத்தில் ஒரு கிண்ணம் கல்குக்சு சாப்பிட்டேன். சிப்பி போட்ட சூடான நூடுல்ஸ், இந்தக் குளிருக்கு அமிர்தம்.

வெள்ளி, சியோல் (காங்னாம்)

காங்னாம் ஸ்டேஷனில் இறங்கினால் டெஹ்ரான் சாலை. 1977ல் டெஹ்ரான் மேயர் வந்துபோனதற்காக வைத்த பெயர், இன்றுவரை மாற்றவில்லை. கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஏற்றம், அதன் உச்சியில் ஓட்டுக்கூரை போட்ட குக்கிவோன். டேக்வாண்டோவின் தலைமையகம். 1972 நவம்பர் 30ல் திறந்தபோது சுற்றிலும் வயலும் மேடும்தானாம், இப்போது இந்த நிலத்தின் விலையைக் கேட்கவே பயமாக இருக்கிறது.

உள்ளே நினைத்ததைவிடச் சின்னதும் பழசும். அரங்கத்தில் வெள்ளை டோபோக் போட்ட பொடிசுகள் வரிசையில் நின்று பூம்சே என்ற அசைவு வரிசைகளைச் செய்துகொண்டிருந்தார்கள், ஓரத்தில் அம்மாக்கள் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். உலகத்தில் எந்த மூலையில் கறுப்புப் பட்டை வாங்கினாலும் சான்றிதழ் இந்த வீட்டிலிருந்துதான் போகிறது (குக்கிவோன் வழியில் வருபவர்களுக்கு; இன்னொரு வழியும் உண்டு, கீழே வருகிறேன்). பதினைந்து வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு டான் என்ற கறுப்புப் பட்டைத் தரம் கிடையாது, பூம் என்ற தகுதிதான், பட்டையும் பாதிச் சிவப்பு பாதிக் கறுப்பு.

இந்தக் கட்டடம் எழும்பியதற்குப் பின்னால் இருப்பது இரண்டு மனிதர்களின் பகை என்றே சொல்வேன்.

ஒருவர் ஜெனரல் சோய் ஹோங்-ஹி. 1918ல் இன்றைய வடகொரியப் பகுதியில் பிறந்தவர், ஜப்பானில் ஷோட்டோகான் கற்றவர், விடுதலைக்குப் பிறகு தென்கொரிய ராணுவத்தில் மேலே வந்தவர். 1954ல் அதிபர் சிங்மன் ரீ முன்னால் இவருடைய வீரர்கள் ஒரு காட்சி நடத்தினார்கள், நாம் டே-ஹி என்பவர் ஒரே குத்தில் 13 கூரை ஓடுகளை உடைத்தார். ரீக்கு உற்சாகம் தாங்கவில்லை, "இது நம்ம டேக்கியோன் ஆச்சே" என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டார். டேக்கியோன் என்பது கொரியாவின் பழைய கால் சண்டை விளையாட்டு; அவர் பார்த்தது அது இல்லை, கராத்தே. ஆனால் அதிபர் சொன்னபின் யார் திருத்துவது? அடுத்த வருஷம் ஏப்ரல் 11ல் ஒரு கூட்டம் கூடி, டேக்கியோன் போலவே ஒலிக்கும் பெயராகப் பார்த்து 'டேக்வாண்டோ' என்பதை எடுத்தார்கள். ஜப்பான்காரனிடமிருந்து வந்தது என்று வெளியே சொல்ல முடியாத ஒரு காலம் அது. அந்த வலியை வைத்துப் பார்த்தால் இந்தப் பெயர் வேலை புரிகிறது, எனக்கு அதில் கோபம் வரவில்லை.

பெயர் உடனே ஒட்டவில்லை. 1961ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் எல்லாப் பள்ளிகளையும் ஒரே கூரையின் கீழ் வரச் சொன்னது. ஒரே சங்கமாக வந்தார்கள், ஆனால் டேசூடோ என்று வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். சோய் அப்போது மலேசியாவில் தூதர். அங்கேயும் சும்மா இருக்கவில்லை, ஆட்களைச் சேர்த்து வகுப்பு தொடங்கினார், மலேசியத் தமிழர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு டேக்வாண்டோ இவ்வளவு பழக்கமாக இருப்பதன் வேர் அங்கேதான். ஊர் திரும்பி அந்தச் சங்கத்தின் தலைவரானதும் 1965ல் பழைய பெயரை மறுபடி கொண்டுவந்தார், 1966ல் சர்வதேசக் கூட்டமைப்பான ஐடிஎஃப்பைத் தொடங்கினார். அதிபர் பார்க் சுங்-ஹியோடு ஒத்துப்போகாமல் 1972ல் கனடாவுக்குப் போய்விட்டார்.

இன்னொருவர் கிம் உன்-யோங். அரசுக்கு நெருக்கமான மனிதர், சண்டைக்காரர் என்பதைவிட ராஜதந்திரி. 1971ல் சங்கத் தலைவர், 1972ல் இந்தக் குக்கிவோன், 1973 மே மாதம் இதே அரங்கில் முதல் உலகப் போட்டி, அந்தக் கையோடு சோயின் அமைப்புக்கு எதிராக உலக டேக்வாண்டோ கூட்டமைப்பு. பிறகு சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் துணைத் தலைவர் வரை போனார். 1988 சியோலிலும் 1992 பார்சிலோனாவிலும் காட்சி விளையாட்டு, 1994ல் பாரிஸ் கூட்டத்தில் ஒப்புதல், 2000 சிட்னியில் பதக்க விளையாட்டு. இவ்வளவு வேகமாக ஒலிம்பிக்குக்குள் போனது கலையின் பழமையால் இல்லை, இந்த ஆளின் தொலைபேசியால். கடைசியில் பண மோசடி வழக்கில் சிறைக்கும் போனார். சோயோ 1980ல் தன் குழுவை வடகொரியாவுக்கு அழைத்துப்போய்க் காட்சி நடத்தி, தெற்கில் துரோகிப் பட்டம் வாங்கி, 2002ல் பியோங்யாங்கில் இறந்தார்.

குக்கிவோன் காட்சிக் கூடத்தில் இதில் எந்தப் பாதியை அதிகம் பேசுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

சனி, சுவோன்

சியோலிலிருந்து மெட்ரோ ரயிலிலேயே வந்துவிடலாம், ஒரு மணி நேரம். இங்கே இருக்கும் ஹ்வாசோங் கோட்டையை 1794க்கும் 1796க்கும் இடையில் கட்டியவர் ஜியோங்ஜோ மன்னர். அவருடைய அப்பா, இளவரசர் சாடோ, 1762ல் சொந்தத் தகப்பனாலேயே அரிசிப் பெட்டிக்குள் அடைக்கப்பட்டுச் செத்தவர். அந்த அப்பாவின் சமாதியை இந்தப் பக்கம் மாற்றி, கோட்டையும் கட்டி, தனக்கென்று காவல் படையும் வைத்துக்கொண்டார் மகன்.

அரண்மனை வாசலில் படைக்கலைக் காட்சி. வாள், ஈட்டி, கேடயம், மூங்கில் கிளையோடு ஒரு விசித்திரமான ஆயுதம், வைக்கோல் கட்டை ஒரே வீச்சில் வெட்டுவது. குழந்தைகள் முன்வரிசையில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். காட்சிக்கு அடிப்படை, இந்த மன்னர் 1790ல் தொகுக்கவைத்த 'முயேடோபோதோங்ஜி' என்ற படப் புத்தகம். எழுதியது யி டோக்-மு, பாக் ஜே-கா என்ற இரண்டு அறிஞர்கள், செய்து காட்டியது பேக் டோங்-சூ என்ற படைவீரர்.

டேக்வாண்டோ வரலாறு எழுதுபவர்கள் எல்லோரும் இந்தப் புத்தகத்தைத் தொட்டுக் கும்பிடுவார்கள். ஆனால் 24 கலைகளில் வெறுங்கைச் சண்டை ஒன்றே ஒன்றுதான், குவோன்பாப். அதுவும் சீனத் தளபதி சீ ஜிகுவாங்கின் நூலிலிருந்து எடுத்தது. 1592ல் தொடங்கிய ஜப்பானியப் படையெடுப்பில் நாடு சின்னாபின்னமானபோது, சீனர்களிடமிருந்து கற்றதை எழுதிவைக்கத் தொடங்கியதன் கடைசி விளைவு இந்த நூல். இன்று பார்த்த காட்சியில் காலை உயர்த்தி உதைப்பது வந்ததே கொஞ்சம்தான். மூ டுக் குவான் ஹ்வாங் கீ 1950களில் நூலகத்தில் இதைப் படித்துவிட்டுத்தான் தன் கலைக்கு 'சூபாக்' என்ற பழைய பெயரைச் சேர்த்துக்கொண்டார். அதாவது கலை முதலில் இருந்தது, பரம்பரை பிற்பாடு தேடிக் கிடைத்தது.

கோட்டைச் சுவர் மேல் முழுச் சுற்று நடந்தேன், கால் கெஞ்சுகிறது. இன்றைக்கு இவ்வளவுதான்.

ஞாயிறு, சுங்ஜு

இந்தப் பயணத்தில் நான் ரொம்ப ஆவலோடு காத்திருந்த ஊர். ஆப்பிளுக்குப் பெயர்போனது, தெருவிளக்கில்கூட ஆப்பிள். ஆனால் எனக்கு வேண்டியது டேக்கியோன்.

முதல் பார்வையில் யாரும் இதைச் சண்டை என்று நினைக்க மாட்டார்கள். மூன்று புள்ளிகளில் மாறி மாறிக் கால் வைக்கிறார்கள், முழங்கால் தொய்கிறது, இடுப்பு முன்னால் வருகிறது, கைகள் காற்றில் துழாவுகின்றன, நடுநடுவே "இக்!", "எய்க்!" என்று குரல். உடம்பில் ஹான்போக் என்ற பாரம்பரிய உடை, வெள்ளையில் வேறு. டான்ஸ் வகுப்புக்கு வந்துவிட்டோமோ என்று நினைக்கும்போது திடீரென்று ஒரு கால் எதிராளியின் கணுக்காலைக் கொக்கி போட்டு இழுக்கிறது, ஆள் மல்லாக்க. அல்லது அதே கால் சுழன்று கன்னத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. கீழே விழவைத்தாலோ முகத்தில் காலால் தொட்டாலோ வெற்றி. டேக்வாண்டோவில் உடம்பு கம்பியாக நிற்கும், குத்து நேர்கோட்டில் போகும். இங்கே ஒன்றுமே நேர்கோட்டில் இல்லை. இரண்டையும் பழகிய உடம்புக்கு இவை ஒரே குடும்பம் இல்லை என்று பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிடும்.

ஜோசியோன் வம்சத்து மன்னர்கள் காலத்தில் இது திருவிழா விளையாட்டு. ஊர்ப்பக்கம் இந்தத் தெருவும் அந்தத் தெருவும் மோதும், பந்தயம் கட்டுவார்கள், அதனாலேயே பெரிய மனிதர்கள் முகம் சுளிப்பார்கள். 1846ல் யூ சுக் வரைந்ததாகச் சொல்லப்படும் ஓவியம் ஒன்றில் மேலே மல்யுத்தம், கீழே இரண்டு பேர் டேக்கியோன், சுற்றிலும் தொப்பி போட்ட கூட்டம், நடுவில் தின்பண்டம் விற்கிற பையன். அரண்மனையும் தத்துவமும் இல்லாத, தெருவோடு ஒட்டிய விளையாட்டு. ஜப்பானியர் காலத்தில் கூட்டம் கூடுவதே தடைப்பட்டுக் கிட்டத்தட்ட அழிந்துபோனது.

மிச்சம் இருந்தவர் சோங் டோக்-கி. 1893ல் சியோலில் பிறந்தவர், இளம் வயதில் இம் ஹோ என்ற ஆசானிடம் கற்றுக்கொண்டதை எண்பது வயதிலும் மறக்காமல் வைத்திருந்தார். சுங்ஜுக்காரர் ஷின் ஹான்-சூங் அவரிடம் போய்க் கற்று, எழுதி, வகைப்படுத்தி, அரசாங்கத்தின் கதவைத் தட்டித் தட்டி 1983ல் 76ஆம் எண் தேசியப் பாரம்பரியச் சொத்தாக அறிவிக்கவைத்தார். 1987ல் இருவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். நான்கு வருஷம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2011ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, சண்டைக்கலைகளில் அந்தப் பட்டியலுக்குள் போன முதல் கலை.

பயிற்சி முடிந்து வியர்வை துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், போனில் மொழிபெயர்ப்பு வைத்துக்கொண்டு, "டேக்வாண்டோ இதிலிருந்து வந்ததா?" என்று கேட்டேன். சிரித்தார். "அவர்கள் அப்படிச் சொன்னால் எங்களுக்குக் கூட்டம் வரும், சொல்லட்டும்."

திங்கள், கியோங்ஜு

நாள் பூராவும் பேருந்து, டேகு வழியாக. ஹ்வாரங் என்ற சில்லா நாட்டு இளைஞர் படையின் ஊர் இது, டேக்வாண்டோ நூல்களில் அவர்கள் வராத நூல் கிடையாது. 1145ல் தொகுத்த பழைய வரலாற்று நூலில் அவர்களைப் பற்றி இருக்கிறது, பாட்டு, மலைப்பயணம், விசுவாசம், போர், எல்லாம். உதைப் பயிற்சி பற்றி ஒன்றும் இல்லை.

மலை மேல் சோக்குராம் குகைக் கோயில், எட்டாம் நூற்றாண்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புத்தர், படம் எடுக்கக் கூடாது. நடைவழியின் இரு பக்கமும் முறுக்கேறிய உடம்போடு இரண்டு காவல் வீரர்கள், ஒரு கை மேலே. அந்த நிலையே டேக்வாண்டோத் தடுப்பு என்று பாடநூல்கள் சொல்கின்றன. நம் கோயில் வாசலில் துவாரபாலகரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இவர் யார் என்று சொல்லித்தரத் தேவையில்லை. பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து கிளம்பி ஆசியா முழுக்க வாசல் வாசலாக நின்றவர். கைவேலை மட்டும் அசத்தல், கருங்கல்லில் நரம்பு தெரிகிறது.

புதன், முஜு

நேற்று முழுக்கப் பயணம், எழுத நேரமில்லை. டேஜோன் வந்து அங்கிருந்து முஜு, மலைகளுக்கு நடுவே. 2014ல் திறந்த டேக்வாண்டோவோன் இங்கே இருக்கிறது: அரங்கம், தங்கும் விடுதி, தேசிய டேக்வாண்டோ அருங்காட்சியகம், மேலே ஏற மோனோரயில். இந்த இடத்துக்காகக் கடைசிச் சுற்று வரை போட்டி போட்ட ஊர்களில் கியோங்ஜுவும் ஒன்று, ஹ்வாரங் பெயரைச் சொல்லியும் கிடைக்கவில்லை.

அருங்காட்சியகத்தில் பழங்காலப் பகுதியை வேகமாகத் தாண்டிவிட்டேன். எனக்குப் பிடித்தது விளையாட்டாக மாறிய கதை. கைக்குத்துக் கலையாக வந்தது எப்படிக் கால் கலையானது? விதிதான் காரணம். 1960களில் சங்கம் போட்டி நடத்தத் தொடங்கியபோது கராத்தே மாதிரி அடிக்கு முன் நிறுத்தாமல், நெஞ்சில் ஹோகு கவசம் கட்டி நிஜமாகவே அடிக்கவிட்டார்கள், ஆனால் முகத்தில் கைக்குத்து கூடாது. அப்புறம் கால் மேலே போகாமல் எங்கே போகும்? பின்னால் சுழன்று உதைப்பது, பறந்து உதைப்பது, இரட்டை உதை, இதெல்லாம் பல்லாயிரம் மாணவர்கள் ஜெயிக்கிற வழி தேடியதில் பிறந்தவை. கராத்தேயிலிருந்து வந்த பியோங்ஆன் வரிசைகளையும் கைவிட்டு, பால்க்வே, பிறகு 1970களில் தேகுக் என்று புதிதாக அமைத்தார்கள். கொரியர்கள் பெருமைப்பட வேண்டியது இதற்கு. குகைச் சிற்பத்துக்கு அல்ல.

ஒலிம்பிக் பகுதியில் நின்று ஒவ்வொரு நாடாகப் படித்தேன். நாம் டே-ஹி 1960களில் குழுவோடு போய்ச் சொல்லிக்கொடுத்த வியட்நாமுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் 2000ல் டேக்வாண்டோவில்தான், டிரான் ஹியூ ஙான் என்பவர் வென்ற வெள்ளி. ஆப்கானிஸ்தானுக்கு முதல் பதக்கம் 2008ல் ரோஹுல்லா நிக்பாய். 2016ல் ஜோர்டானின் முதல் தங்கம், ஐவரி கோஸ்ட்டின் முதல் தங்கம், இரண்டும் இதில். நீச்சல் குளமும் குதிரையும் வேண்டாம், ஒரு பாய் போதும் என்பதால் ஏழை நாட்டுக்கும் கதவு திறக்கிறது. டோக்கியோவில் கொரியாவுக்கே ஒரு தங்கமும் இல்லாமல் போனது, பாரிஸில் இரண்டு தங்கத்தோடு மூச்சுவிட்டார்கள்.

2017 உலகப் போட்டி இதே அரங்கில். தொடக்க நாளில் அதிபர் மூன் ஜே-இன் உட்கார்ந்திருக்க, வடகொரியாவிலிருந்து வந்த ஐடிஎஃப் குழு பலகை உடைத்துக் காட்டியது. சோய் நாடு கடந்து போய் 45 வருஷம் கழித்து அவருடைய டேக்வாண்டோ எதிராளியின் வீட்டுக் கூடத்தில் கைதட்டு வாங்கியது.

உணவுக்கூடத்தில் எதிரே உட்கார்ந்தவர் எழுபது தாண்டிய மாஸ்டர், பல வருஷம் ஜெர்மனியில் வகுப்பு எடுத்தவராம், ஆங்கிலம் நன்றாக வந்தது. முதல் பட்டை வாங்கியது எந்த வரிசை செய்து என்று கேட்டேன். தயங்கவே இல்லை: "பியோங்ஆன். அப்போது நாங்கள் அதை டாங்சூடோ என்போம். என் மாஸ்டர் ஜப்பானிய மொழியில்தான் எண்ணுவார், ஒன்று இரண்டு மூன்று எல்லாம்." அப்படியானால் இரண்டாயிரம் வருஷம்? சூப்பைக் கிண்டிக்கொண்டே, "அதை நானும் ஜெர்மனியில் சொல்லியிருக்கிறேன், மாணவர்களுக்குப் பிடிக்கும்" என்றார். அவருக்கு உண்மையான கோபம் வேறு இடத்தில் இருந்தது. லண்டன் ஒலிம்பிக்கிலிருந்து வந்த மின்னணுக் கவசம். உதையின் பலத்தைவிடச் சென்சாரில் படுவதுதான் முக்கியமாகிவிட்டதாம், முன்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கத்திச்சண்டை போடுகிறார்களாம். எழுந்து நின்று, தட்டுக்குப் பக்கத்திலேயே, ஒற்றைக் காலில் நொண்டி நொண்டி அதை நடித்துக் காட்டினார், பக்கத்து மேஜைப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். உடனே திரும்பி நின்று ஒரு சுழல் உதை விட்டார், என் தலை உயரத்துக்கு. "இது 1975" என்றார்.

நாளை சியோல், கிரீம் கடை.